வேலு பெயர் இல்லாத மூன்று கடிதங்கள்

திண்ணனூர் நாடு, கொல்லிமலை
10.12.2023

அன்புள்ள மாமாவுக்கு,

கலை எழுதுவது. அத்தை, நான், இரண்டு எருமைகள் எல்லோரும் சுகம். உங்கள் மலையில் போன் கிடையாது, எங்கள் மலையில் போன் இருந்தும் பிரயோஜனம் கிடையாது. தபால்காரர் ராசு அண்ணன் புண்ணியத்தில் நம் குடும்பம் நடக்கிறது.

ஆன்லைன் பல்கலைக்கழகப் படிப்பு நன்றாகப் போகிறது. உலக இலக்கியம் ஒன்று, போர் வரலாறு ஒன்று. பாடம் இங்கிலீஷில்தான், மூன்று தடவை கேட்டால் புரிந்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் என்பதால் குடத்தோடு போய் உட்கார்ந்துகொள்கிறேன். அத்தைக்குத்தான் சிரிப்பு. "சண்டைக்குப் போனவன் அங்க கெடக்கறான், அதுக்குப் பரிச்சை எழுதறவ இங்க கெடக்கறா. இதென்னடி கூத்து?" என்கிறார்.

கடைசித் தேர்வுக்கு ஒரு படைவீரரின் கடிதங்களை வைத்துக் கட்டுரை எழுத வேண்டும். தேறினால் பட்டப்படிப்பில் இடம் கிடைக்கும். பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்டவளுக்கு அது எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும். நீங்களோ "நலம், குளிர் அதிகம்" என்று முடித்துவிடுகிற ஆள்! அதனால் இருபது கேள்விகள் இத்துடன் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு பக்கத்துக்குக் குறைந்தால் லீவில் வரும்போது சோறு கிடையாது, சொல்லிவிட்டேன்.

உங்கள்
கலைமணி

*

முகாம்
9.1.2024

அன்புக் கலைக்கு,

சோற்றில் கை வைத்துவிட்டாய், அதனால் பதினான்கு பக்கம் எழுதுகிறேன். இது முதல் பக்கம்.

என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டிருக்கிறாய். எல்லாம் டப்பாச் சாப்பாடுதான். ஆனால் எங்கள் வேலு, அதுதான் புளியஞ்சோலைக்குக் கீழே வீடு என்று எழுதுவேனே, அந்த வேல்முருகன், நீ அனுப்பிய மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்தான். கர்னாடகத்துப் பையன்கள்கூட டம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

இவ்வளவு எழுத நேரம் ஏது என்கிறாயா? இன்று என் காவல் முறையை வேலு தலையில் கட்டிவிட்டேன். "உன் பொண்டாட்டி பரிச்சைக்கு நான் பனியில நிக்கோணுமாடா?" என்று திட்டிக்கொண்டேதான் போனான். இரண்டு மணி நேரம்தான், வந்துவிடுவான். வெளியில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. அடுத்த கேள்விக்கு வருகிறேன்.

*

திண்ணனூர் நாடு
20.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பதினான்கு பக்கத்தையும் பல தடவை படித்துவிட்டேன். இப்படி எழுதத் தெரிந்தவரா இத்தனை நாள் ஏமாற்றினீர்கள் என்று கோபம்கூட வந்தது. அதற்குப் பிறகு மூன்று கடிதங்கள் வந்தன, எல்லாம் அரைப் பக்கம். குளிரில் கை விறைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் போர் வரலாற்றுப் பாடத்தில் பேராசிரியர் அம்மா சொன்னார்: போர்முனைக் கடிதங்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பாதி வேலைதான், எந்தப் பெயர் திடீரென்று நின்றுபோகிறது என்றும் பாருங்கள் என்று. குடத்தைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடி வந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். போன வருஷம் எழுதிய ஒன்பதிலும், இந்தப் பதினான்கு பக்கத்திலும் வேலு அண்ணன் இருக்கிறார். பாடுகிறார், ரசம் வைக்கிறார், உங்களைத் திட்டுகிறார். கடைசி மூன்றில் அவர் எங்குமே இல்லை.

மாமா, அவருக்கு என்ன ஆச்சு? உயிரோடு இருக்கிறாரா? என்னிடம் மறைக்காதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கலை

*

முகாம்
11.6.2024

கலை,

உயிரோடு இருக்கிறான். பயப்படாதே.

உனக்கு எழுதிக்கொண்டிருந்தேனே, அன்றைக்குத்தான் நடந்தது. பனிப்புயலில் அடுத்த காவலுக்கு ஆள் மேலே ஏற முடியவில்லை. இரண்டு மணி நேரம் ஏழு மணி நேரமாகிவிட்டது. அவன் இடத்தை விட்டு நகரவில்லை. இறக்கிக்கொண்டு வந்தபோது இடது கால் கறுத்துப் போயிருந்தது. நான்கு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது ஊரில் இருக்கிறான்.

நின்றிருக்க வேண்டியவன் நான். உன்னிடம் சொன்னால் என் படிப்பால்தானே என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவாய், அதனால் மறைத்தேன். அவனுக்கு இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. எந்த முகத்தோடு எழுதுவது சொல்? எழுதுங்கள் என்று என்னை வற்புறுத்தாதே கண்ணு.

இளங்கோ

*

திண்ணனூர் நாடு
2.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நினைத்தபடிதான் செய்தேன். போனை அணைத்துப் பெட்டியில் போட்டேன். எந்தப் பாடமும் வேண்டாம் என்று இரண்டு நாள் கிடந்தேன். மூன்றாம் நாள் விடிந்ததும் ஒரு கிலோ மிளகை எடுத்துக்கொண்டு புளியஞ்சோலைக்கு நடந்தே இறங்கிவிட்டேன்.

வேலு அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு சோளத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு வரப்புக்கு வந்தார். "அண்ணா, என் பரிச்சையாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு" என்று அழுதுவிட்டேன்.

"ஏனுங்க தங்கச்சி, பனி பேஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? வெரலு போனது ஆறிப்போச்சுங்க. ரெண்டு மாசம் ஆசுபத்திரியில கெடந்தேன். எல்லாப் பயலும் எழுதுனான், அவன் ஒருத்தன் எழுதல. அதுதாங்க ஆறல."

அவர் மனைவி பூபதி அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னிக்கும் போஸ்ட்மேன் வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாருங்க" என்றார்.

எனக்கு உங்கள் மேல் ஆசை எவ்வளவோ அவ்வளவு கோபமும் இருக்கிறது மாமா. எனக்குப் பதினான்கு பக்கம் எழுதிய கை, உங்களுக்காக நின்ற மனுஷனுக்கு ஒரு வரி எழுதாதா? வெட்கம் உங்களுக்கு, தண்டனை அவருக்கா?

கட்டுரையில் இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். எழுதச் சொல்லிவிட்டார். எழுதியும் முடித்துவிட்டேன். அனுப்பக் கடைசி நாள் ஆகஸ்ட் 31. உங்கள் கடிதம் அவர் கைக்குப் போகும்வரை அனுப்ப மாட்டேன். சீட்டு போனால் போகட்டும். அவருக்கு எழுதாமல் எனக்கு எழுதினால் பிரிக்கவும் மாட்டேன். விலாசம் பின்னால் இருக்கிறது.

சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

என்றும் உங்கள்
கலை

*

முகாம்
24.7.2024

வேலு,

இளங்கோ எழுதுகிறேன். உனக்கு எழுத உட்கார்ந்து கிழித்த தாள்களைச் சேர்த்தால் ஒரு நோட்டு வரும்.

அன்று என் முறை. நான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், நீ வெளியில் நின்றாய். உன்னை இறக்கிக்கொண்டு வந்தபோது உன் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தது நான்தான். உனக்கு நினைவிருக்காது. நீ கண் விழித்ததும் நான் எழுந்து போய்விட்டேன். உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. இத்தனை மாதமும் அந்தப் பயம்தான், வேறு ஒன்றும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

அக்டோபரில் லீவு. துறையூரில் இறங்கி நேராக உன் வீட்டுக்கு வருகிறேன். நீ திட்டி முடித்த பிறகுதான் மலை ஏறுவேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் கலைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுடா, ஆகஸ்ட் முடிவதற்குள். நான் சொன்னால் பிரிக்கக்கூட மாட்டாளாம்.

உன்
இளங்கோ