கிலுகிலுப்பைக்காரி

அன்புள்ள கணவருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் பழகிய கை அதையே எழுதப் போனது. நலம் என்பதோடு நிறுத்திவிட்டேன், அதுவும் பாதிப் பொய். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவருக்கு வெளியே யார் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது.

முதலில் வீட்டுச் செய்தி. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. போன லீவில் நீங்கள் நூல் சுற்றி இறுக்கிவிட்டு, இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்றீர்களே, அதே குழாய்தான். வாளி வைத்திருக்கிறேன். அத்தைக்கு மூட்டுவலி பரவாயில்லை. கண்ணில் புரை முற்றிவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தும் போகமாட்டேன் என்கிறார். மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாத அந்தக் கண்ணுக்கு, என் மோவாயில் முளைக்கும் முடி மட்டும் வாசலிலிருந்தே தெரிந்துவிடுகிறது. மகனைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இன்னொரு மகனை வைத்திருக்கிறேன் என்று மாடிவீட்டு அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்தப் பக்கங்கள் உங்களுக்கு. கடைசிப் பக்கம் வழக்கம்போல அத்தைக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதும், உங்கள் பதில் வந்தால் நான் உரக்கப் படிக்க அவர் கேட்பதும்தானே நம் வீட்டு வழக்கம். இப்போது மதியத் தூக்கத்தில் இருக்கிறார். எழுந்து வருவதற்குள் என் பங்கை எழுதி முடிக்கவேண்டும்.

நடந்ததை நீங்கள் உங்கள் அம்மா வாயால் கேட்டீர்கள். என் வாயால் ஒருமுறை கேளுங்கள். இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் கொடுமை.

டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டியபோது நீங்களும் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். சினைப்பையில் நீர்க்கட்டி, பி.சி.ஓ.எஸ். என்றார். கட்டி என்றதும் உங்களுக்கு முகம் வெளுத்துவிட்டது. பயப்படும்படியான கட்டி இல்லை, முட்டைகள் முழுதாக வளராமல் ஓரமாக வரிசைகட்டி நின்றுவிடுகின்றன, பார்க்க முத்துமாலை மாதிரி இருக்கும் என்றார். எல்லாருக்கும் கழுத்தில் போடும் மாலையை எனக்கு மட்டும் வயிற்றுக்குள் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகும், எடை ஏறும், முகத்தில் முடி வளரும், அதற்காகக் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, முட்டை வளர மாத்திரை இருக்கிறது, கணவர் ஊரில் இருக்கும் சமயமாகப் பார்த்துத் தொடங்கலாம் என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது நீங்கள் சொன்னது இது: “அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. அவங்களுக்குப் புரியாது, ஊரைக் கூட்டிடுவாங்க. நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்.”

சரி என்றேன். அந்த நேரத்தை நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

நீங்கள் கப்பலேறிய பிறகு எனக்கு விலக்கு வரவில்லை. எனக்கு அது புதிதில்லை. ஆனால் குப்பைக்கூடையைக் கொட்டுவது அத்தை. கண்ணில் புரை இருந்தாலும் கணக்கில் புரை கிடையாது. ஒருநாள் காலையில் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப்போனபோது ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். நான் இல்லை அத்தை என்றேன். இல்லை என்று சொல்பவளுக்குத்தான் இருக்கும், கண்ணேறு படக்கூடாதென்று முதலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். கடையில் பரிசோதனைப் பட்டை வாங்கிவந்து, பாருங்கள், ஒரு கோடுதான் இருக்கிறது என்று காட்டினேன். கண்ணுக்கு வெகு அருகில் வைத்துப் பார்த்தார். ஒரு கோடு என்றால் ஒரு குழந்தை, ரெண்டு கோடு என்றால் ரெட்டை, இதுகூடத் தெரியாமல் படித்தவளாம் என்று என் தலையில் செல்லமாகக் குட்டினார். சிரிப்பதா அழுவதா, நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்குப் போன் கிடைத்த அன்று இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கொஞ்ச நாள் சந்தோஷமாக இருக்கட்டும் விடு, நான் வந்து பக்குவமாகச் சொல்கிறேன் என்றீர்கள்.

அத்தை சந்தோஷமாகத்தான் இருந்தார். நானும் இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர், ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, விதை நீக்கி, சுளை சுளையாக என் வாயில் ஊட்டினார். எல்லாம் தப்பு என்று தெரிந்தும் அந்தச் சுளை இனித்தது. உங்கள் பழைய சட்டைகளை வெட்டிக் கைக்குழந்தைக்கு ஒரு விரிப்பு தைக்க உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான். கோக்கும்போதெல்லாம் இல்லை அத்தை என்று சொல்லிக்கொண்டேதான் கோத்தேன். கையை நீட்டி, நூலைக் கொடு, வாயை மூடு என்பார்.

இப்படியே விலக்கு வராமல் விட்டால் கருப்பைக்குக் கெடுதல் என்று டாக்டரம்மா கண்டித்தார். அதை வரவழைக்க ஒரு மாத்திரை கொடுத்தார். அடுத்த சுற்றிலிருந்து முட்டை வளரும் மாத்திரையைத் தொடங்கலாம், உங்கள் லீவுக்குச் சரியாக இருக்கும் என்று அந்த அட்டையையும் கையோடு கொடுத்தனுப்பினார். உங்கள் குழந்தைக்காகத்தான் விலக்கை வரவழைக்கும் அந்த முதல் மாத்திரையை முழுங்கினேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்ததென்பார்களே, அது இதுதான்.

விலக்கு வந்தது. ஊறவைத்த துணியை அத்தை பார்த்தார். முதலில் பதறிப்போய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. பிறகு குப்பையில் அந்த மாத்திரையின் காலி அட்டை அவர் கையில் பட்டது. படிக்கத் தெரியாததால் மருந்துக்கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் மேல் தப்பே இல்லை. நின்றுபோனவர்களுக்கு வரவைக்கிற மாத்திரை அம்மா என்று உள்ளதைச் சொன்னார். அது போதுமே.

கடையிலிருந்து வீடுவரை அழுதுகொண்டே வந்திருக்கிறார். வந்து சேர்ந்தபோது பின்னால் தெருவே நின்றது. மாடிவீட்டு அம்மா நம் சோபாவில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்க, உங்கள் அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: “என் பேரப்பிள்ளையைக் கரைச்சிட்டு, என் கையாலயே ஆரஞ்சு தின்னியாடி?”

உங்களுக்குக் கொடுத்த வாக்கை அப்போது உடைத்தேன். நீர்க்கட்டி, முட்டை, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். அப்படி ஒரு வியாதி இருந்தால் என் பையன் என்னிடம் சொல்லாமல் இருப்பானா என்றார். அவரையே கேளுங்கள் என்று உங்களுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, கப்பல் துறைமுகத்தில் இருந்தது, மணி அடித்தது. நல்லவேளை என்றுதான் அப்போது நினைத்தேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டதும் நான்தான். அத்தை அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இவளுக்கு ஏதோ வியாதியாமே, உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றீர்கள்.

பிறகு இரைச்சல். லைன் போய்விட்டது. பாதியில் அறுந்திருக்கும், மீதியைச் சொல்ல மறுபடி கூப்பிடுவீர்கள் என்று எல்லாரும் எழுந்துபோன பிறகும் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிணற்றில் போட்ட கல்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஸ்டூடியோ வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே என் வேலை உங்களுக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டி, குருவி மாதிரிக் கத்தி, கைக்குழந்தைகளை நிமிர்ந்து பார்க்கவைப்பது. வருகிற அம்மாக்கள் கிலுகிலுப்பைக்காரி இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். போன வாரம் ஒருத்தி குழந்தையை மேசைமேல் படுக்கவைத்தாள். நான் கிலுகிலுப்பையை எடுத்தேன். குழந்தை என்னைப் பார்த்துப் பொக்கைவாய் முழுக்கத் திறந்து சிரித்தது. யாரோ அவள் காதில் ஏதோ சொன்னார்கள். அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு, இவள் நின்றால் படமே வேண்டாம் என்றாள். முதலாளி நல்ல மனிதர். கொஞ்ச நாள் லேமினேஷன் பக்கம் இரேன் அம்மா என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இப்போது கிலுகிலுப்பையை அவரே ஆட்டுகிறார். குழந்தைகள் வீறிட்டு அழுகின்றன. நான் திரைக்கு இந்தப் பக்கம் அடையாள அட்டைகளுக்கு ஓரம் வெட்டுகிறேன்.

வீட்டில் அத்தை என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. தினமும் காலையில் அந்த விரிப்பை மடித்து என் தலையணைமேல் வைத்துவிட்டுப் போகிறார். நான் எடுத்து அலமாரியில் வைக்கிறேன். மறுநாள் தலையணைமேல் இருக்கிறது. நீலக் கோடு போட்ட உங்கள் சட்டையின் துண்டுதான் மேலே தெரியும்படி மடித்திருப்பார்.

பிறகு உங்கள் கடிதம் வந்தது. கவரைப் பிரித்தால் எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, அம்மாவுக்கு மட்டும் ஒரு பக்கம். அதையும் நான்தான் படித்துக்காட்டினேன். இந்த லீவுக்கு வரவில்லை, அடுத்த பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று படித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படித்தேன். “அவள் விஷயத்தில் நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்” என்று எழுதியிருந்தீர்கள். அதையும் படித்தேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொருதரம் படி என்றார் அத்தை. இன்னொருதரமும் படித்தேன். என்னைத் தூக்கில் போடும் தீர்ப்பை என்னையே படிக்கவைத்த புண்ணியவான் நீங்கள்.

முட்டை வளரும் மாத்திரை அட்டை பிரிக்காமல் இருக்கிறது. நீங்கள் வராத ஊரில் முட்டை வளர்ந்து யாருக்கு என்ன லாபம்? டாக்டரம்மாவிடம் கணவர் வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது, கப்பல் தாமதம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தை எழுந்துவிட்டார். இருமல் கேட்கிறது. பக்கத்தைத் திருப்புகிறேன். அவர் வாயில் வருவதை வந்தபடியே எழுதுகிறேன்.

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கறது. நான் நல்லா இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. காத்துல நிக்காத. நீ எழுதினதைக் கேட்டதும் எனக்கு உசிரு வந்துச்சு. என் சிநேகிதியோட அக்கா பொண்ணு ஒருத்தி இருக்கா. நல்லா விசாரிச்சுட்டேன், மாசாமாசம் எல்லாம் ஒழுங்கா இருக்கிறவ. முகமும் பொம்பளை முகமாத்தான் இருக்கு. என்னடி நிறுத்திட்ட, எழுது. உனக்கு ஒரு குறையும் இல்லடா, கண்ணு. குறையெல்லாம் வந்து சேர்ந்தவகிட்டதான். இவளை நான் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளமாட்டேன், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். தானாப் போயிடுவா. போன குழந்தை போகட்டும். அதுக்கு அழ இந்த வீட்டுல என்னைத் தவிர ஒரு நாதி இல்ல. அந்த விரிப்பைப் பத்திரமா வச்சிருக்கேன், வரப்போறவளுக்கு ஆகும். நீ பிள்ளை குட்டியோட நூறு வயசு நல்லா இருக்கணும். இப்படிக்கு, உன் அம்மா.

எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பெருவிரல் ரேகைக்குப் பதிலாகக் கடிதத்தின் மூலையில் ஒரு முத்தம் வைத்தார். அந்த ஈரம் காய்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன்.

பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கிறது. உங்களிடம் நான் குழந்தை கேட்கவில்லை. லீவு போட்டு வரச் சொல்லவும் இல்லை. போகச் சொன்னால் போய்விடுவேன், ஆனால் கொலைகாரியாகப் போகமாட்டேன். ஒரே ஒரு வரி எழுதுங்கள். அம்மா, அவள் உடம்பு சமாச்சாரம் எனக்கு முதலிலிருந்தே தெரியும், அவள் வயிற்றில் குழந்தையே இல்லை, சொல்லவேண்டாம் என்று தடுத்தது நான்தான் என்று எழுதுங்கள். உங்கள் அம்மா பிறக்காத பேரனுக்காகத் தினமும் அழுகிறார். எனக்காக எழுதாவிட்டாலும் அவருக்காகவாவது எழுதுங்கள்.

உங்கள் பதிலை அவருக்குப் படிக்கப்போவது நான். அவருக்கு எழுத்து தெரியாது. அந்த வரி இல்லாவிட்டாலும் இருப்பதுபோல நான் படித்துவிடலாம், உங்கள் அம்மா நம்பிவிடுவார். போன கடிதத்தின்போதே அது நாக்கு நுனிவரை வந்தது. படிக்கவில்லை, இனியும் படிக்கமாட்டேன். நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ அதையே, ஒரு எழுத்தும் கூட்டாமல் குறைக்காமல், அவருக்குக் கேட்கும்படி உரக்கப் படிப்பேன்.

கப்பல் பத்திரமாகக் கரைசேரட்டும். காற்றில் நிற்காதீர்கள்.

உங்கள் பதிலைப் படிக்கவேண்டியவளான,
மனைவி