நொண்டி மாட்டை ஒளிந்திருந்து பார்த்தேன்

உடையார்கட்டு
12.3.1997

அன்புள்ள செல்லாயிக்கு,

காய்ச்சல் விட்டுப் போனதா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? எனக்கு ஒரு குறையுமில்லை, யோசிக்காதே.

இங்கே முதலாளியின் வண்டில் மாட்டுக்குக் காலில் கம்பி கிழித்தது. புண் ஆறித் தோலும் மூடிவிட்டது. ஆனாலும் அந்தக் காலை ஊன்றாமல், மறுபக்கம் சாய்ந்தே நடக்கிறது.

"கள்ள மாடு, வேலை செய்யப் பஞ்சியில நடிக்குது. இறைச்சிக்குக் குடுக்கப்போறன்" என்றார் முதலாளி.

மாட்டு டொக்டரோ, "புண் ஆறினாலும் மூளைக்குள்ள நோவு ஓடுற பாதை அடைபடேல்லை, ஐயா. விழாமல் நிக்கிறதுக்குச் சாய்ஞ்ச நடையையும் மூளை பழகிட்டுது" என்றார். தலையைத் திறந்து பார்த்தவர் போலக் கதைக்கிறார். நான் இருவரையும் நம்பவில்லை.

நேற்று மத்தியானம் புண்ணாக்குத் தண்ணீரை எட்டத்தில் வைத்துவிட்டு, வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். மாடு தனியே அதே நொண்டலோடு, தடுமாறித் தடுமாறிப் போய்த்தான் குடித்தது. பார்க்க ஆளில்லாதபோது யார் நடிப்பார்கள்? டொக்டரின் பாதையை இன்னும் நம்பவில்லை. மாட்டை நம்புகிறேன்.

முதலாளியிடம் சண்டைக்குப் போனேன். "அப்ப உம்மட பிடிவாதத்தோட மாட்டையும் கொண்டு போமன் காணும்" என்று சிரித்தார். சரி என்றுவிட்டேன். நீ ஏசுவாய், தெரியும். இங்கே எனக்குப் பேச்சுத் துணை அதுதான்.

கொட்டிலில் ஒரு பக்கம் ஒதுக்கி வை. வேப்பெண்ணெய் கொஞ்சம் வாங்கி வை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லொறிக்காரர் அவசரப்படுத்துகிறார். நாளை நானும் மாடும் நடந்தே புறப்படுகிறோம். அது மெதுவாகத்தான் வரும், நானும் விரட்டமாட்டேன். வாசலில் காத்து நிற்காதே.

இப்படிக்கு,
இராக்கப்பன்