கோட்டைச் சுவர்மேல் இரண்டாவது சுற்று

டீச்சர்,

இன்று அலமாரியை ஒதுக்கும்போது உங்கள் பழைய நிலப்படப் புத்தகம் கைக்கு வந்தது. உங்கள் காரியம் முடிந்த பிறகு, பழைய பேப்பர்காரருக்குப் போட வைத்திருந்த கட்டிலிருந்து நான் எடுத்து வந்தது. காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தீர்கள். எல்லோரும் வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய மடிப்போம். நீங்கள் மட்டும் படம் தெரிய மடித்திருந்தீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இத்தாலியில் லுக்கா என்று ஓர் ஊர். ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர், சுவரின் மேலேயே மரங்கள் நிற்கும் அகலமான பாதை. படத்தில் அந்தப் பாதை வளையும் ஓர் இடம், இடது கைப் பக்கம் ஓட்டுக் கூரைகள், உச்சியில் மரம் முளைத்த ஒரு செங்கல் கோபுரம். முன்னால் மரத்தில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். தாயில்பட்டிப் பள்ளியில், ஆசிரியர் அறை மேசையில், எத்தனை வருடம் அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்! "ஓய்வு பெத்ததும் ரெண்டு பேரும் போயி அந்த மரத்துல நம்ம சைக்கிளச் சாத்துறோம் டீச்சர்" என்பீர்கள்.

நாம் சைக்கிள் ஓட்டியதைத் தாயில்பட்டி எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. பொம்பளை சைக்கிள் மிதித்தால் மழை பெய்யாது என்று டீக்கடையில் ஒருவர் நம் காதுபடச் சொன்னார். நான் தலை குனிந்து மிதித்தேன். நீங்கள் பிரேக் பிடித்து இறங்கினீர்கள். "நாங்க வர்றதுக்கு முந்தி இங்கன எம்புட்டு மழை பெஞ்சுச்சு அண்ணாச்சி?" கடையே சிரித்தது. அவரும் சிரித்தார் என்பதுதான் உங்கள் கெட்டிக்காரத்தனம்.

அப்படிப்பட்ட உங்களைத்தான் ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார வைத்தார்கள். முதலில் சைக்கிள் போனது. பிறகு, ஆசையாக எடுத்த பாஸ்போர்ட்டை, பத்திரமாக இருக்கட்டும் என்று உங்கள் மகன் பீரோவில் வைத்துப் பூட்டினார். இந்த வயதில் எதற்கு என்ற ஒரே கேள்வி போதுமானதாக இருந்தது. ஐப்பசியில் நீங்கள் போனீர்கள். பந்தலில் ஒருவர் எழுந்து, அடக்கமான மனுஷி, வாசலைத் தாண்டாதவர் என்று பேசினார். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றே எழுந்து மறுத்திருக்க வேண்டும். எழவில்லை. அந்தக் கடன் எனக்கு இருந்தது.

சித்திரையில், ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகன் கூப்பிட்டான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். தீப்பெட்டிக்குள் குச்சி மாதிரி மகன், மருமகள், நான். எங்கே போகலாம் என்று கேட்டதும் லுக்கா என்றேன்.

கோட்டைக்கு வெளியே வேனை நிறுத்திவிட்டு, சைக்கிள் வாடகைக் கடை வாசலில் நின்றோம். மகன் முகம் மாறியது.

"சைக்கிளெல்லாம் வேண்டாம்மா. விழுந்து வச்சீகன்னா சித்தப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"சித்தப்பாவா ஓட்டப் போறாரு? சீட்டக் கொஞ்சம் இறக்கச் சொல்லு."

சேலையை நாம் செருகுவது போலவே இழுத்துச் செருகினேன். முதல் பத்தடி ஆடியது. பிறகு கால்கள் ஞாபகம் வைத்திருந்தன. படத்தில் இருப்பது போல ஊரை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு மிதித்தேன். நாலு கிலோமீட்டர், முழுச் சுற்று. கோபுரம் தெரிந்தது, ஆனால் நம் மரமும் அந்த வளைவும் சேர்ந்து வரவே இல்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டேன். முழங்கால் விண்விண் என்றது.

பின்னாலேயே வந்த மகன், சுற்றியாயிற்று, போதும் என்றான். நம் படம் வேறு ஊராகக்கூட இருக்கலாம் என்றான். விடை வராத கணக்குக்குப் பிள்ளைகளிடம் என்ன சொல்வோம் டீச்சர்? கடைசி வரியிலிருந்து மேலே போய்ப் பார் என்போம். நான் சைக்கிளைத் திருப்பினேன்.

பாதிச் சுற்றில் வந்தது. அதே வளைவு, அதே கூரைகள், மரம் முளைத்த அதே கோபுரம். ஆனால் எல்லாம் வலது கைப் பக்கம். நம் மரம் இன்னும் பருத்திருந்தது. சைக்கிளை அதில் சாய்த்தேன். ஒரு சைக்கிள்தான் இருந்தது. அதனால் அதன் முன்சக்கரத்துப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டேன். மகன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

படத்தை நான்தான் மாற்றி நினைத்திருக்கிறேன், வயதாகிவிட்டது என்று ஊர் திரும்பிய பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அட்டையைப் பார்த்தேன். கோபுரம் இடது பக்கம்தான். பிறகு அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். செயின் இடப்பக்கம் இருக்கிறது! உலகத்தில் எந்தச் சைக்கிளுக்கு டீச்சர் இடப்பக்கம் செயின்? சிவகாசியில் யாரோ காலண்டர் சீசன் அவசரத்தில் பிலிமை இடம் வலமாகப் புரட்டி வைத்து அச்சடித்திருக்கிறார்கள். தினமும் செயின் கழன்று கையெல்லாம் கறையாக்கிக்கொண்ட நாம் இரண்டு பேரும் அதைக் கவனிக்கவே இல்லை.

உங்கள் முதலாண்டு நினைவு நாள் வருகிறது. கார்டுக்கு இரண்டு வரி கேட்டு உங்கள் மகன் போன் செய்தார். "சைக்கிளில் பள்ளிக்கு வந்தவர். கேட்டவர்களுக்குப் பதில் சொன்னவர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தயங்கினார். மாற்ற முடியாது என்றேன்.

போன வாரம் ஒரு சைக்கிள் வாங்கினேன். இந்த வயதில் எதற்கு என்று என் கொழுந்தனார், மகன் பயந்த அதே சித்தப்பா, கேட்டுவிட்டார். விருதுநகரில் எவ்வளவு மழை பெய்தது என்று நானும் கேட்டுவிட்டேன். நாளைக் காலை ஆமத்தூர் வரை போகிறேன். செயினுக்கு எண்ணெய் போட்டாயிற்று. வலப்பக்கம்தான் இருக்கிறது, பார்த்துக்கொண்டேன்.