லாவெண்டர் வாசமா அடிக்குது?

வெண்டெல்,

நூலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். ஃபிரிட்ஜில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. தேவாலயச் சந்தைக்கான வாசனை ஷவர் வில்லைகளை எடுத்துப்போகப் பத்து மணிக்கு ஒடெட் வருவாள். மேசைமேல் இருக்கும் டப்பாவைக் கொடு. ஈரக்கையோடு திறக்காதே!

நேற்று கத்தியதற்கு மன்னித்துவிடு. சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் காய்ந்திருக்கும்வரை சாதுவாகத்தான் கிடக்கும், தண்ணீர் பட்டால் பொங்கிவிடும். "கொஞ்சம் தண்ணி தெளிச்சா நல்லா பிடிச்சுக்கும், மேவிஸ்" என்று நீ தெளித்ததில் நாற்பது வில்லைகளும் மேசையிலேயே நுரைத்துப்போயின. இந்த முறை தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட் தெளித்துப் பிசைந்தேன். கல் மாதிரி இறுகிவிட்டன.

மேவிஸ்

பி.கு: பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நான் திட்டிக்கொண்டிருந்தபோது நீ, "லாவெண்டர் வாசமா அடிக்குது?" என்றாய். "பேச்சை மாத்தாதே!" என்று நான் பாய்ந்தேன். வில்லைகளில் என்ன வாசனைத் தைலம் ஊற்றினேன் என்று உன்னிடம் சொல்லவே இல்லையே! மார்ச் மாதக் காய்ச்சலுக்குப் பிறகு உனக்குக் காபி வாசம்கூடத் தெரியவில்லையே, வெண்டெல்!

இன்னொன்று: ஷவர் தண்ணீர் நேராக விழாத மூலையில் ஒரு வில்லை வைத்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் குளி, ஆவியும் சாரலும் பட்டு வில்லை கரைந்து மணக்கும். இது லாவெண்டர் இல்லை. என்ன வாசம் என்று உடனே போன் செய்து சொல். நூலகத்தில் போன் பேசக்கூடாது என்று பலகை மாட்டியதே நான்தான். ஆனாலும் எடுப்பேன்.