ஒருசந்தி பிடித்த பிள்ளை

மச்சாள்,

காலையில் பக்கத்து வளவு ஜெனிற்றாவின் கொடியில் கைக்குழந்தையின் துணிகள் நிறையத் தொங்கின. அந்தப் புளித்த வாடை வேலி தாண்டி மூக்கில் ஏறியது. "என்னடி பிள்ளைக்கு?" என்று கேட்டேன். "சத்தி அன்ரி, வயித்தாலையும் போகுது. பல்லு முளைக்குது" என்றாள்.

உங்கள் வாயிலிருந்து வந்த அதே சொல். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசமாகியும் உங்கள் வைத்தியம் சாகவில்லை பாருங்கோ.

என் மகன் உங்களைத்தான் முதலில் 'மா' என்றான். என் மனுசன், உங்கள் தம்பி, கடலில்; நான் கருவாட்டு வாடியில். உங்கள் இடுப்பில்தான் அவன் வளர்ந்தான். பிள்ளையில்லாத உங்களுக்கு அவன்தான் உயிர். நீங்கள் அவனை வெறுத்திருந்தால் எனக்கு இப்போது எவ்வளவு லேசு!

அந்தப் பெரிய வெள்ளியன்று பள்ளிமுனையில் ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் எல்லோரும் ஒருசந்தி, பின்னேரம் வரை சாப்பாடில்லை. அவனுக்கு முதல் நாளே வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று நான் கத்தினேன். "பல்லுக்குப் போறதுக்கும் ஆஸ்பத்திரியோ? போன முறையும் தானா நிண்டதுதானே. பாலும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். குடுக்கக் குடுக்கப் போகும். வயிறு காயட்டும்" என்றீர்கள். தண்ணீர்ச் செம்பை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தீர்கள். அவன் அதைப் பார்த்துக் கையை நீட்டினான். நீங்கள் அவன் கன்னத்தைக் கிள்ளிச் சிரித்தீர்கள். "எங்கட ராசாவும் இண்டைக்கு ஒருசந்தி!"

உங்கள் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் சொல்லில்லை. "நீ கோயிலுக்குப் போய் அவனுக்காக மண்டாடு, நான் பாக்கிறன்" என்று என்னை அனுப்பினீர்கள். அங்கே சாமியார், சிலுவையில் யேசு பட்ட தாகத்தைப் பற்றி உருகி உருகிப் பிரசங்கம் வைத்தார். சனம் விம்மியது. நானும் அழுதேன்.

திரும்பி வர, வாசலிலேயே மறித்தீர்கள். "உஸ், சத்தம் போடாதை. நிண்டிட்டுது. அழுகையும் நிண்டிட்டுது."

உண்மைதான். அழக் கண்ணீர் இருக்கவில்லை. கண் குழி விழுந்து, நாக்குக் காய்ந்து, கிள்ளிய தோல் கிள்ளினபடியே நின்றது. ஓட்டோவில் கொண்டு ஓடினோம். சேலைன் ஏற்ற நரம்பு அகப்படவில்லை.

"ரோட்டா வைரஸாத்தான் இருக்கும். அதிலை கன வகை இருக்கு. போன முறை வந்தது வேறையாயிருக்கும்" என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற நேர்ஸ் உங்களைப் பார்த்து, "கரண்டி கரண்டியாத் தண்ணி பருக்கியிருந்தாலே காப்பாத்தியிருக்கலாம் அம்மா" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

சனிக்கிழமை அவனை அடக்கினோம். அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. ஊர் வெடி கொளுத்திக் கொண்டாடியது.

அதற்குப் பிறகும் ஒரே குசினியில் சமைத்தோம். "என்ரை பிழை" என்று நீங்கள் சொல்லவேயில்லை. உங்கள் செத்தவீட்டில், "அந்தப் பிள்ளையின்ரை கவலையிலேயே போயிட்டா" என்று உங்களுக்காக அழுதார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று ஜெனிற்றாவின் வீட்டுக்குள் கேளாமலே நுழைந்தேன். வயிற்றோட்டத்துக்குக் குடுக்கிற ஜீவனித் தூளைத் தண்ணீரில் கரைத்து, பிள்ளையைப் பறித்து மடியில் வைத்துப் பருக்கினேன். சத்தி எடுத்தான். பொறுத்து, மறுபடி பருக்கினேன். "பல்லாம் பல்லு! ஓட்டோவுக்குச் சொல்லடி!" என்று அவளுக்கும் நல்ல ஏச்சு. ஆஸ்பத்திரி வாங்கிலில் குந்திக் காத்திருக்கும்போது அவன் என் சீலை நனைய மூத்திரம் பெய்தான். மாதாவே, அந்தச் சூடு! இனிப் பயமில்லை என்று டொக்டரும் சொன்னார்.

ஜெனிற்றா இந்த ஊருக்கு வாழ வந்து கொஞ்ச நாள்தான். ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. "அன்ரி, நீங்கள் பிள்ளை பெறாட்டிலும் எவ்வளவு வடிவாப் பாக்கிறியள்" என்றாள்.

"என்ரை மச்சாளிட்டைப் பழகினது" என்றேன்.

போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது, உங்களை மன்னித்துவிட்டதாகச் சாமியாரிடம் சொன்னேன். அவர் சந்தோசப்பட்டு, பூசையில் நன்மை எடுக்கச் சொன்னார். அந்த அப்பத்தை நாக்கில் வாங்கினேன். மச்சாள், அது பொய்.