அடுத்தவங்க சோபாவில் குடித்தனம்

ஜூன் 2

சாவி வாங்கியாயிற்று. ஆளுக்கொரு பெட்டியோடு வந்து இறங்கினோம். "எல்லாச் சாமானும் உள்ளயே இருக்கும்மா, நீங்க பல் தேய்ச்சுட்டு வந்தாப் போதும்" என்று தரகர் சொல்லியிருந்தார். பல் தேய்த்துவிட்டுத்தான் வந்தோம். குளியலறையில் சோப்பு வைக்கப் பூப்போட்ட பீங்கான் தட்டு இருக்கிறது. வாளி இல்லை.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். நானும் இவரும் மட்டும் ஒரு வீட்டில் இருக்கப்போவது இதுதான் முதல் தடவை. இவர் கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதிக்கு மேல் கடல், மிச்சம் கொஞ்சம் லீவு. நானும் மகளும் என் அம்மா வீட்டு மாடியில். இப்போது மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இவருக்கு இந்த ஊர்த் துறைமுகப் பட்டறையில் கரை வேலை கிடைத்தது. நான் வேலை பார்க்கிற கண்ணாடிக்கடைக்கு இங்கேயும் ஒரு கிளை உண்டு. பார்வை சோதிக்க ஆள் தேவை என்றார்கள், மாற்றல் வாங்கிக்கொண்டேன்.

"இப்பவே எதுவும் வாங்க வேணாம். சாமானோட இருக்கிற வீட்டுல ஒரு வருஷம் இருந்து பார்ப்போம். சரிப்பட்டு வரலைன்னா சுலபமா விட்டுடலாம்" என்றார் இவர்.

எது சரிப்பட்டு வரலைன்னா? ஊரா? வேலையா? கேட்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் கல்யாணம் இத்தனை வருஷமும் விருந்தாகவே ஓடிவிட்டது.

ஜூன் 3

இவர் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினார். எல்லாக் குழாயையும் திறந்து மூடினார். எல்லா ஸ்விட்சையும் தட்டினார். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். மேஜையில் கீறல், கதவில் சொட்டை, எல்லாவற்றுக்கும் போட்டோ. "நாளைக்கு நாம பண்ணதுன்னு நம்ம தலையில கட்டிடக் கூடாது பாரு."

நான் சமையலறையைப் பார்த்தேன். டீஸ்பூன் கைநிறைய இருக்கிறது, கரண்டி ஒன்றே ஒன்று. கத்தி வாழைப்பழத்தைக்கூட யோசித்துத்தான் வெட்டும். கேஸ் அடுப்பில் பெரிய பர்னர் மூச்சு விடுவதோடு சரி.

ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி முழுக்கப் பீங்கான் நாய்கள். வீட்டுக்காரம்மா ரிட்டயரான ஹெட்மிஸ்ட்ரஸ். வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். போனில் முதல் பேச்சே, "நாய்ங்களைத் தொடாதீங்க. தூசி இருந்தாப் பரவாயில்லை, துடைக்கவும் வேணாம்" என்பதுதான். சுவரில் அவருடைய மறைந்த கணவர், டை கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்பவர் மாதிரி முறைக்கிறார்.

இவர் படத்துக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், புதுசா வந்திருக்கோம் சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

சிரித்துக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தேன். நடுவில் பள்ளம். எழுந்திருக்க முடியவில்லை. இவர் கைகொடுத்து இழுத்துவிட வேண்டியதாயிற்று.

ஜூன் 9

கப்பல் பழக்கம், இருட்டிலேயே எழுந்துவிடுகிறார். எழுந்தவர் சும்மா இருந்தால் தேவலை. இன்று கண் விழித்துப் பார்த்தால் எல்லா ஸ்விட்சுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது. "பாத்ரூம்", "பால்கனி", "தெரியவில்லை".

நான் மட்டும் என்ன. இத்தனை வருஷம் தனியாகவே படுத்ததில் குறுக்கே படுத்துப் பழகிவிட்டது. ராத்திரி இவரை உதைத்திருக்கிறேன் போலிருக்கிறது. காலையில் கேட்டேன். "லேசாத்தான்" என்றார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு.

ஜூன் 17

இன்று ஒரு பெரிய உண்மை வெளியே வந்தது.

லீவில் இவர் வந்து இறங்கும் அன்று நான் தவறாமல் கத்தரிக்காய் வதக்குவேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு, "பிரமாதம்" என்றார். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. கத்தரிக்காய் கிடைக்காத பருவத்தில்கூட அலைந்து வாங்கியிருக்கிறேன். இன்று வாரத்தில் மூன்றாவது தடவையாகத் தட்டில் விழுந்ததும் இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே, கண்ணாடி?" (கண்ணாடிக்கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் இவருக்குக் கண்ணாடிதான்.)

"சொல்லுங்க."

"எனக்குக் கத்தரிக்காய் ஆகவே ஆகாது."

பத்தொன்பது வருஷம்! அப்புறம் ஏன் பிரமாதம்னு சொன்னீங்க என்றேன்.

"புதுப் பொண்டாட்டி. ஆசையா எதிர்ல நிக்கறே. வேற என்ன சொல்றது?"

விழுந்து விழுந்து சிரித்தோம். இவருக்குப் புரையேறிவிட்டது. ஆனால் பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். இன்னும் எதெதற்கெல்லாம் மரியாதைக்குத் தலையாட்டியிருக்கிறார்? நான் எதெதற்கு?

ஜூலை 6

ஞாயிற்றுக்கிழமை. வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது என்று இவர் அதைப் பிரித்தார். "வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணலாமே" என்றேன். "கப்பல் இன்ஜினையே பிரிச்சு மாட்டியிருக்கேன், இது ஒரு பெரிய விஷயமா?" என்றார். அடுத்த நிமிஷம் ஏதோ குழாய் கழன்றது. ஹால் வரைக்கும் வெள்ளம்.

சரியாக அப்போதுதான் வீட்டுக்காரம்மாவின் வீடியோ கால். எடுக்காமல் இருக்கலாம் என்றால் விடாமல் அடிக்கிறார்.

"என்னம்மா பண்றீங்க? என் ஹாலைக் கொஞ்சம் காட்டுங்க, பார்த்து ரொம்ப நாளாச்சு."

போனைத் தூக்கிப் பிடித்துச் சார் படத்தைக் காட்டினேன். மின்விசிறியைக் காட்டினேன். நாய்களைக் காட்டினேன். கீழே இவர் முட்டிபோட்டுப் போர்வையால் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருக்கிறார்.

"அது என்ன, கீழ பளபளன்னு?"

"இப்பத்தாம்மா தரையைத் துடைச்சோம்."

"பரவாயில்லையே! நல்லா வச்சிருக்கீங்க" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. போனை வைத்ததும் இவர் நனைந்த போர்வையைக் கையில் பிடித்தபடியே படத்தைப் பார்த்து, "சார், தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க" என்றார்.

என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜூலை 7

இடுப்பு ஒடிகிறது. மெஷின் ஓடுகிறது, இப்போது சத்தமே போடுவதில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11

கடையில் பில் போடுகிற பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சாமானோடு இருக்கிற வீடுதான் பார்க்கிறார்களாம். "எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். போன அன்றே எல்லாக் குழாயையும் திறந்து பார், கீறலையெல்லாம் போட்டோ எடு, எது ரிப்பேரானால் யார் செலவு என்று முன்னாலேயே பேசிவிடு, தலையணையும் கத்தியும் உன்னுடையதாக இருக்கட்டும் என்றேன்.

"அப்புறம்?"

அப்புறம் — மூன்று மாதத்துக்குள் எது யாருடையது என்பதே மறந்துபோகும் என்றேன். நேற்றுக்கூட ஒரு நாயின் மூக்கில் தூசி இருந்ததைப் பார்த்து எனக்கே மனசு கேட்கவில்லை. ஊதிவிட்டேன். துடைக்கத்தானே கூடாது.

செப்டம்பர் 14

இவருடைய பழைய கம்பெனியிலிருந்து போன். பெரிய கப்பலாம். தலைமை இன்ஜினியர் பதவி. எட்டு மாதம். இத்தனை வருஷமாக இவர் எதிர்பார்த்த இடம்.

பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க. இங்க நான் பார்த்துக்கறேன்" என்றேன். மடித்த துணியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"சரி" என்றார். உள்ளே போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பழக்க தோஷம். ஒவ்வொரு தடவையும் இதேதானே சொல்லியிருக்கேன். அழக்கூடாது, தடுக்கக்கூடாது, போற மனுஷனுக்கு மனசு கனக்கக்கூடாது. எல்லாரும் என்னைத் தைரியசாலின்னு சொன்னாங்க, நானும் அதைக் கேட்டுக் கேட்டு அப்படியே இருந்துட்டேன். இப்ப இந்த மனுஷன் போனா அந்த ஸ்விட்சுல ஒட்டின பேரையெல்லாம் நான் தினம் பார்க்கணும். முடியாது. என்னால முடியாது. ஆனா வாயைத் திறந்தா அதே பாட்டுதான் வருது.

செப்டம்பர் 15

இருவரும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். லீவில் வந்தவர் மாதிரி தட்டில் போட்டதையெல்லாம் சாப்பிடுகிறார்.

செப்டம்பர் 17

காலையில் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். ஊசி கோக்க முடியவில்லையாம். நாற்காலியில் உட்காரவைத்து லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். எதைப் போட்டாலும், "நல்லாருக்கும்மா, நல்லாருக்கும்மா" என்கிறார். நிறையப் பேர் இப்படித்தான். சோதிக்கிறவர் மனசு நோகக்கூடாது என்று தெரியாததையும் தெரிகிறது என்பார்கள். எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்: "எனக்காகச் சொல்லாதீங்கய்யா. உங்களுக்கு எப்படித் தெரியுதோ, அதை அப்படியே சொல்லுங்க. அப்பத்தான் சரியான கண்ணாடி தர முடியும்."

சொல்லிவிட்டு, லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "என்னம்மா, ஏதாவது கோளாறா?" என்று பயந்துபோனார் பாவம்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவருக்கு இந்த வாரம் இன்றுதான் ஓய்வு. பெரிய பர்னரைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னேன்.

"போகாதீங்க."

நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு மாசம் என்னால முடியாது. முன்னாடியும் முடியலை. சும்மா சொன்னேன். நீங்க போகாதீங்க."

கையெல்லாம் கரி. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "இதைச் சொல்ல உனக்கு இவ்வளவு வருஷமா?" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாமே!"

"நீ சந்தோஷமா டாட்டா காட்டுவே. நான் இல்லாமலே நீ நல்லாத்தான் இருக்கேன்னு நினைச்சுக்குவேன். துறைமுகத்துக்குப் போற வழியெல்லாம் அதே நினைப்புதான்."

இரண்டு பேரும் இப்படியா! அந்தக் கரிக்கையோடேயே போனை எடுத்தார். "மன்னிக்கணும் சார், வர முடியாது. வீட்ல போக வேணாம்னு சொல்றாங்க." எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, இவர் சிரித்தார். "ஆமா சார். இன்னிக்குத்தான் சொன்னாங்க."

என் கன்னத்தில் கரி. புடவையில் கரி. சுவரில்கூடக் கொஞ்சம். அதற்கு மட்டும் போட்டோ எடுக்கவில்லை.

செப்டம்பர் 18

பெரிய பர்னர் எரிகிறது!

அக்டோபர் 26

முதல் நிஜமான சண்டை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக. ஒரு மணி நேரம் பேசவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 20

வீட்டுக்காரம்மாவின் போன். வீடியோ இல்லை, வெறும் குரல். கொஞ்சம் சுற்றி வளைத்தார். குளிர், முழங்கால், மருமகளுக்கு வேலை... கடைசியில் வந்துவிட்டது. "எனக்கு இங்க உட்கார ஒரு இடமில்லைம்மா. எல்லாம் அவங்க சாமான். எதைத் தொட்டாலும் விருந்தாளி மாதிரி இருக்கு. உங்களுக்கு மே மாசம் வரைக்கும் இருக்க உரிமை இருக்கு, நான் கட்டாயப்படுத்தலை..."

ஒப்பந்தம் முடிய நாளிருக்கிறதே என்று, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த இவர் ஆரம்பித்தார். கையைப் பிடித்தேன். நிறுத்திக்கொண்டார். "வாங்கம்மா, உங்க வீடு. நாங்க வேற பார்த்துக்கறோம்" என்றேன். இந்தத் தடவை மனசார.

பிப்ரவரி 22

வந்துவிட்டார். நினைத்ததைவிடக் குள்ளம், குரல் மட்டும் பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கேட்கும். முதலில் நாய்கள். அப்புறம் சார். அப்புறம் சமையலறை. அடுப்பைத் திருகிவிட்டு அப்படியே நின்றார்.

"இந்தப் பர்னர் அவர் இருந்த காலத்துலயே எரியலையே. யார் பண்ணது?"

இவர் பின்பெஞ்சுப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினார்.

நேராகப் போய்ச் சோபாவின் பள்ளத்தில் உட்கார்ந்தார். அவருக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கையால் சோபாவைத் தடவிக்கொண்டே இருந்தார். நாங்கள் சத்தம் போடாமல் டீ போடப் போனோம்.

மார்ச் 16

புது வீடு. மூன்றாவது மாடி, வாடகைதான், உள்ளே ஒரு ஆணிகூடக் கிடையாது. பேசினால் எதிரொலிக்கிறது. மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மூன்று பேரும் தரையில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம்.

சாப்பாட்டு மேஜை நாளைக்கு வருகிறது. நாங்களே கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. ஜன்னலோரம் போடலாம் என்றேன். வெயில் அடிக்கும், சமையலறைப் பக்கம்தான் சரி என்றார் இவர். அளந்து பார்க்கலாம் என்று நான் எழுந்தேன், அளக்க என்ன இருக்கிறது என்று இவரும் எழுந்தார். எதிரொலியில் இரண்டு பேர் குரலும் நாலு பேர் குரலாகக் கேட்டது.

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களையே மாறி மாறிப் பார்த்தாள். "என்ன ரெண்டு பேரும் இப்படிச் சண்டை போடறீங்க? நான் பார்த்ததே இல்லையே!"

"உங்க அம்மாதான்" என்றார் இவர்.

"உங்க அப்பாதான்" என்றேன் நான், அதே நொடியில்.

அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. இப்போது அப்பாவும் மகளும் தூங்கிவிட்டார்கள், வெறும் பாயில், ஆளுக்கொரு மூலையில்.

மேஜை ஜன்னலோரம்தான். காலையில் எழுந்ததும் மறுபடி சொல்லப்போகிறேன்.