கச்சாங்குக்கு ஒருசந்தி இல்லை

அம்மா,

பாஸ்கா நாடகத்துக்குப் போகிறேன். நான்தான் யூதாஸ்; தாமதமாக வந்தால் ஃபாதர் கோபிப்பார்.

நம் பூனை கச்சாங்குக்கு இன்சுலின் ஏற்றிய ஊசி பிரிட்ஜில், அச்சாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் தேக்கா சந்தையில் வாங்கிய மீன்; கச்சாங் தின்ற பிறகுதான் ஊசி. தின்னாவிட்டால் ஊசி வேண்டாம்.

இன்று பெரிய வெள்ளிதான். ஆனால் பூனைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை, ஒருசந்தி நோன்பு கிடையாது.

போன வெள்ளி, “நாம பட்டினி, அதுக்கு மட்டும் மீனா லா?” என்று நீங்கள் அதைப் பட்டினி போட்டது தெரியாமல் ஊசி போட்டுவிட்டேன். அது சுருண்டு விழுந்ததும் நான் உங்களைப் பார்த்துக் கத்தினேன். நீங்களோ அதை மடியில் கிடத்தி, ஈறில் சர்க்கரைத் தண்ணீர் தடவினீர்கள். அன்றிலிருந்து அதோடு மட்டும்தான் பேசுகிறீர்கள்.

லாசரஸ்

பி.கு.: உங்களுக்குக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது.

இன்னொன்று: சாவிலிருந்து எழுந்தவர் பெயரை எனக்கு வைத்தீர்கள். எழுந்தது கச்சாங், எழுப்பியது நீங்கள். நன்றிம்மா.